ஹபிளின் 24 புள்ளிகள்: அட்டவணையிலிருந்து பிழையில்லாமல் சிதறல் படம் வரைவது எப்படி

கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள், ஒரு ஜோடி. அந்த ஜோடியைத் தாளில் ஒரு புள்ளியாக வைக்கிறோம். எல்லா வரிகளும் முடிந்தால் சிதறல் படம் தயார். பள்ளியில் ஒரே பாடவேளையில் முடித்துவிடுகிற விஷயம் இது. ஆனால் வரைந்து முடித்த படங்களை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு புள்ளி இடம் மாறியிருப்பது, ஒன்று விடுபட்டிருப்பது, அச்சில் அலகு இல்லாமல் போவது எல்லாம் அடிக்கடி கண்ணில் படும். இவற்றில் பெரும்பாலானவை புள்ளி வைக்கும்போது நேர்வதில்லை. முதல் புள்ளிக்கு முன்னால் அளவுத்திட்டம் எடுக்கும்போதும், கடைசிப் புள்ளிக்குப் பிறகு சரிபார்க்காமல் விடும்போதும்தான் நேர்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

கற்பனை எண்களை வைத்துச் சொல்லித்தர எனக்கு விருப்பமில்லை. அறிவியல் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற சிதறல் படம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1929-இல் வானியலாளர் எட்வின் ஹபிள் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். நம் பால்வெளிக்கு வெளியே உள்ள 24 நெபுலாக்களின் (இன்று விண்மீன் திரள்கள் என்கிறோம்) தொலைவும், அவை நம்மை விட்டு விலகும் வேகமும் அதில் இருந்தன. பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு இன்றும் காட்டப்படும் அடிப்படைச் சான்றுகளில் ஒன்று அந்த 24 வரிகள்.

தொலைவு மெகாபார்செக்கில், ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு. வேகம் நொடிக்கு கிலோமீட்டரில். கழித்தல் குறி இருந்தால் அது நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். வெறும் எண்ணாக உள்ள பெயர்கள் என்ஜிசி என்ற வானப் பொருள்களின் பட்டியலில் உள்ள எண்கள்.

| வரிசை | பெயர் | தொலைவு | வேகம் |
|---|---|---|---|
| 1 | சிறிய மெகல்லன் மேகம் | 0.032 | 170 |
| 2 | பெரிய மெகல்லன் மேகம் | 0.034 | 290 |
| 3 | 6822 | 0.214 | −130 |
| 4 | 598 | 0.263 | −70 |
| 5 | 221 | 0.275 | −185 |
| 6 | 224 (ஆண்ட்ரோமீடா) | 0.275 | −220 |
| 7 | 5457 | 0.45 | 200 |
| 8 | 4736 | 0.5 | 290 |
| 9 | 5194 | 0.5 | 270 |
| 10 | 4449 | 0.63 | 200 |
| 11 | 4214 | 0.8 | 300 |
| 12 | 3031 | 0.9 | −30 |
| 13 | 3627 | 0.9 | 650 |
| 14 | 4826 | 0.9 | 150 |
| 15 | 5236 | 0.9 | 500 |
| 16 | 1068 | 1.0 | 920 |
| 17 | 5055 | 1.1 | 450 |
| 18 | 7331 | 1.1 | 500 |
| 19 | 4258 | 1.4 | 500 |
| 20 | 4151 | 1.7 | 960 |
| 21 | 4382 | 2.0 | 500 |
| 22 | 4472 | 2.0 | 850 |
| 23 | 4486 | 2.0 | 800 |
| 24 | 4649 | 2.0 | 1090 |

முதல் வேலை: அட்டவணையைப் படிப்பது

பென்சிலைத் தொடாதீர்கள். முதலில் வரிகளை எண்ணி, ஒரு மூலையில் 24 என்று எழுதி வையுங்கள். அடுத்து ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் வட்டமிடுங்கள். தொலைவு 0.032-இல் தொடங்கி 2.0 வரை போகிறது. வேகம் −220-இலிருந்து 1090 வரை. அவசரமாகப் பார்ப்பவர் வேகத்தின் சிறும மதிப்பு 30 என்று எடுத்துக்கொள்வார், ஏனென்றால் கழித்தல் குறி கண்ணுக்கு எளிதில் தப்பும். இங்கே கழித்தல் குறி உள்ள வரிகள் ஐந்து: 3, 4, 5, 6, 12. அந்த எண்ணிக்கையையும் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரே மதிப்பு திரும்ப வரும் இடங்களையும் பாருங்கள். தொலைவு 0.9 நான்கு முறை, 2.0 நான்கு முறை வருகின்றன. கடைசி நான்கும் கன்னிக் கொத்து என்ற விண்மீன் திரள் கூட்டத்தைச் சேர்ந்தவை. கொத்து முழுவதற்கும் ஒரே தொலைவை ஹபிள் கொடுத்திருந்தார். படத்தில் அவை செங்குத்தாக ஒரே வரிசையில் நிற்கும். முன்கூட்டியே தெரியாவிட்டால், வரையும்போது "தப்பாக வைத்துவிட்டோமோ" என்று சந்தேகம் வரும்.

எந்த வரியையும் "இது தேவையில்லை" என்று விடக்கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1986 ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடிகளில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று நீண்ட விவாதம் நடந்தது. வெப்பநிலையோடு ஒப்பிட எடுத்துக்கொண்டது வளையங்கள் சேதமான ஏழு பயணங்களை மட்டும். அவை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 75 டிகிரி வரை பரவிக் கிடந்ததால் தொடர்பு எதுவும் தெரியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் அதே படத்தில் வைத்திருந்தால், அவை எல்லாம் 66 டிகிரியிலும் அதற்கு மேலும்தான் என்பதும், 65-க்குக் கீழே கிளம்பிய ஒவ்வொரு பயணத்திலும் சேதம் இருந்தது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். விசாரணைக் குழு இதைத்தான் பின்னர் சுட்டிக்காட்டியது. பூஜ்யமும் ஓர் அளவீடுதான். அந்த வரிக்கும் ஒரு புள்ளி உண்டு.

எது கிடை அச்சில், எது செங்குத்து அச்சில்?

வழக்கம் இதுதான்: எதை வைத்து மற்றொன்றை விளக்கப் பார்க்கிறோமோ அது கிடை அச்சில் (சாரா மாறி), விளக்கப்படுவது செங்குத்து அச்சில் (சார்ந்த மாறி). தொலைவு கூடினால் வேகம் கூடுகிறதா என்பது ஹபிளின் கேள்வி. ஆகவே தொலைவு கிடையில், வேகம் செங்குத்தில். மாற்றிப் போட்டால் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) மாறாது, ஆனால் வரையப்போகும் கோட்டின் சாய்வும் அதன் பொருளும் மாறிவிடும். எந்தப் பத்தி முதலில் இருக்கிறது என்பதைப் பார்த்து அச்சைத் தீர்மானிக்காதீர்கள். கேள்வியைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அளவுத்திட்டம்: பாதி வெற்றி இங்கேதான்

பள்ளியில் பயன்படுத்தும் மில்லிமீட்டர் கிராஃப் தாளில் கட்டம் போட்ட பகுதி 24 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாளை அகலவாக்கில் திருப்புங்கள்.

ஒரே ஒரு விதி: ஒரு சென்டிமீட்டருக்கான மதிப்பு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்கு, பத்தில் ஒரு பங்கு என்றே இருக்கட்டும். தாளை முழுக்க நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் 1310-ஐ (வேகத்தின் வீச்சு, 1090-க்கும் −220-க்கும் உள்ள இடைவெளி) 18-ஆல் வகுத்து, "சென்டிமீட்டருக்கு 73" என்று எடுப்பவர்கள் உண்டு. அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் கால்குலேட்டரில் வகுத்து, ஒவ்வொரு வகுத்தலிலும் ஒரு பிழைக்கு இடம் கொடுக்க வேண்டியதுதான். ஒரு சின்னக் கட்டத்தின் மதிப்பு மனதிலேயே சொல்ல வரவேண்டும். வரவில்லை என்றால் அந்த அளவுத்திட்டம் வேண்டாம்.

நம் அட்டவணைக்குக் கிடை அச்சில் 10 செ.மீ. = 1 மெகாபார்செக் என்று எடுக்கலாம். ஒரு மில்லிமீட்டர் 0.01. தொலைவு 2.0 வரை போக 20 செ.மீ. போதும். செங்குத்து அச்சில் 1 செ.மீ. = நொடிக்கு 100 கி.மீ.; ஒரு மில்லிமீட்டர் 10. அச்சை −300-இலிருந்து 1200 வரை ஓட்டினால் 15 செ.மீ. ஆகிறது. இந்தத் திட்டத்தின் அழகைப் பாருங்கள்: வேகப் பத்தியில் −185 ஒன்றைத் தவிர மற்ற 23 மதிப்புகளும் நேராக ஒரு மில்லிமீட்டர் கோட்டின் மேலேயே விழுகின்றன. −185 இரண்டு கோடுகளுக்குச் சரியாக நடுவில்.

இனி ஓரம் ஒதுக்குவது. இடப்புற விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. தள்ளித் தொலைவு 0. அங்கிருந்து 20 செ.மீ. போனால் 2.0, அதாவது விளிம்பிலிருந்து 22.5 செ.மீ. அச்சை அங்கேயே நிறுத்தாமல் 2.1 வரை, 23.5 வரை நீட்டுங்கள். இல்லாவிட்டால் கன்னிக் கொத்தின் நான்கு புள்ளிகளும் படத்தின் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு அச்சுப் பிழை போலத் தெரியும். கீழ் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் −300. 5 செ.மீ. உயரத்தில் வேகம் 0. மேலே 17 செ.மீ.யில் 1200.

வேகம் 0 என்ற கோடு படத்தின் நடுவே ஓடுகிறது அல்லவா? அதன் மேலேயே தொலைவு எண்களை எழுதிவிடாதீர்கள். ஐந்து புள்ளிகள் அதற்குக் கீழே விழப்போகின்றன. எண்களும் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதும். பூஜ்யக் கோட்டை மெல்லியதாக வரைந்துவிட்டு, தொலைவு எண்களைக் கீழே −300 கோட்டுக்கு அடியில் எழுதுங்கள்.

சிதறல் படத்தில் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பட்டை வரைபடத்துக்குத்தான் அந்த விதி, அங்கே நீளமே மதிப்பு. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளின் உயரத்தை வரையும்போது 0-இலிருந்து ஆரம்பித்தால் எல்லாப் புள்ளிகளும் தாளின் மேல் மூலையில் நெருங்கிக் கிடக்கும். ஆனால் நம் படத்தில் தொலைவு பூஜ்யத்தில் தொடங்குவதே சரி. மெகல்லன் மேகங்கள் அதன் ஓரமாகவே இருக்கின்றன, கோடு அந்த மூலை வழியாகப் போகிறதா என்பதும் கேள்வியின் ஒரு பகுதி.

அச்சின் பெயரையும் அலகையும் இப்போதே எழுதுங்கள், புள்ளி வைத்த பிறகு அல்ல. ஹபிளின் அந்த 1929 படத்தைத் தேடிப் பாருங்கள். வேக அச்சில் வெறும் "கி.மீ." என்றுதான் அச்சாகியிருக்கிறது, "நொடிக்கு" என்பது விடுபட்டுப் போயிற்று. கிலோமீட்டர் என்பது வேகமே அல்ல. கட்டுரையைப் படிப்பவருக்குப் புரிந்துவிடும், படத்தை மட்டும் பார்ப்பவருக்குப் புரியாது.

புள்ளி வைப்பது

கூராகச் சீவிய பென்சில், ஒளி ஊடுருவும் அளவுகோல், ஒரு மூலைமட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் முதலில் கிடையாக நகர்ந்து, பிறகு மேலோ கீழோ போங்கள். இந்த வரிசையை 24 முறையும் மாற்றாதீர்கள். எண்கள் இடம் மாறுவது பெரும்பாலும் பாதியில் பழக்கத்தை மாற்றும்போதுதான்.

வரிசை 3-ஐ வைத்துப் பார்ப்போம். தொலைவு 0.214, அதாவது பூஜ்யத்திலிருந்து 21.4 மி.மீ. இரண்டு தடித்த கோடுகளைத் தாண்டி, ஒரு சின்னக் கட்டம், அதற்கப்புறம் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் −130, பூஜ்யக் கோட்டிலிருந்து 13 மி.மீ. கீழே. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி, அல்லது நுண்ணிய புள்ளி வைத்துச் சுற்றி ஒரு வட்டம். அட்டவணையில் அந்த வரிக்கு உடனே டிக் போடுங்கள். அடுத்த வரி.

புள்ளியின் பருமனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரிசை 8-ம் 9-ம் ஒரே தொலைவில் (0.5) இருக்கின்றன, வேகம் 290, 270. நம் தாளில் இடைவெளி வெறும் 2 மில்லிமீட்டர். தேய்ந்த பென்சிலாலோ ஸ்கெட்ச் பேனாவாலோ இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் புள்ளி வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குமிழாகத் தெரியும். எண்ணிப் பார்ப்பவருக்கு 23-தான் கிடைக்கும். பெருக்கல் குறிக்கு இந்தச் சிக்கல் இல்லை: கைகள் ஒன்றையொன்று தொட்டாலும் மையங்கள் தனித்தனியே தெரியும். அதனால் என் ஓட்டு எப்போதும் பெருக்கல் குறிக்குத்தான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 0.032-க்கும் 0.034-க்கும் கிடையில் வித்தியாசம் 0.2 மி.மீ. அதைக் கையால் காட்ட முடியாது, முயலவும் வேண்டாம். கண்ணால் அரை மில்லிமீட்டர் வரை நம்பலாம். நம் தாளில் அது தொலைவில் 0.005, வேகத்தில் 5. அந்த இரண்டு மேகங்களும் செங்குத்தில் 12 மி.மீ. விலகி இருப்பதால் படத்தில் குழப்பம் வராது.

இரண்டு வரிகளில் இரண்டு எண்களுமே ஒன்றாக இருந்தால்? இந்த அட்டவணையில் அப்படி இல்லை, மற்றவற்றில் சாதாரணமாக வரும். அந்தக் குறியைச் சுற்றி இன்னொரு வட்டம் போடுங்கள், அல்லது பக்கத்தில் சிறியதாக 2 என்று எழுதுங்கள். மேலே மேலே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் ஓர் அளவீடு காணாமல் போகிறது.

புள்ளிகளைக் கோட்டால் இணைக்கக் கூடாது. 4826-க்கும் 5236-க்கும் நடுவே எந்தப் பாதையும் கிடையாது, அவை வெவ்வேறு விண்மீன் திரள்கள்.

சரிபார்ப்பு

பலரும் தாண்டிப் போகும் படி இது. படத்தைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். தெரியாது. ஆண்ட்ரோமீடாவின் கழித்தல் குறியை மறந்து +220-இல் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி 44 மில்லிமீட்டர் இடம் மாறியிருக்கிறது, நான்கரை சென்டிமீட்டருக்குப் பக்கம். ஆனால் அங்கே இடப்புறம் 290-இல் ஒரு புள்ளி, வலப்புறம் 200-இல் ஒரு புள்ளி. நடுவில் 220 மிக இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். கூட்டத்தை விட்டு வெளியே எறியப்பட்ட பிழையைத்தான் கண் பிடிக்கும். கூட்டத்துக்குள் விழுந்த பிழையை அது வரவேற்று உட்காரவைக்கும்.

ஆகவே எண்ணுங்கள். மொத்தம் 24. பூஜ்யக் கோட்டுக்குக் கீழே 5. 0.9-இல் 4, 2.0-இல் 4. 900-க்கு மேலே 3 (920, 960, 1090). இவை ஒத்துப்போனால் பெரிய பிழைகள் பெரும்பாலும் இல்லை.

பிறகு தலைகீழாகப் படியுங்கள். அட்டவணையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் படத்தை மட்டும் பார்த்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு புள்ளியின் இரு மதிப்புகளையும் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் வரியைக் கண்டுபிடித்து இரண்டாவது டிக் போடட்டும். அட்டவணையிலிருந்து படத்துக்குப் போனபோது செய்த அதே தவறைத் திரும்பும் வழியிலும் செய்வது அரிது. தனியாக இருந்தால், படித்த மதிப்புகளைத் தாளில் எழுதிவிட்டுப் பின்னர் ஒப்பிடலாம். ஐந்து நிமிட வேலை.

போக்குக் கோடு

கோடு தேவையென்றால் கண்மதிப்பில் இழுக்காதீர்கள். முதலில் சராசரிப் புள்ளி: தொலைவுகளின் கூட்டுத்தொகை 21.873, 24-ஆல் வகுத்தால் 0.911. வேகங்களின் கூட்டுத்தொகை 8955, சராசரி 373.1. மீச்சிறு வர்க்கக் கோடு (புள்ளிகளின் செங்குத்து விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் கோடு) இந்தப் புள்ளி வழியாகப் போயே தீரும். அதன் சாய்வு ஒரு மெகாபார்செக்குக்குச் சுமார் 454; தொலைவு 0-இல் வேகம் −41. தொலைவு 2.0-இல் 867 அல்லது 868 வரும். இந்த இரண்டு முனைகளையும் குறித்து அளவுகோலால் இணைத்துவிட்டு, கோடு (0.911, 373) வழியாகப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் கணக்கிலோ முனையிலோ தவறு இருக்கிறது. ஒட்டுறவுக் கெழு 0.79. கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் சாய்வு 424 ஆகக் குறையும். எந்தக் கோட்டை வரைந்தீர்கள் என்பதைப் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

உங்கள் படத்தை ஹபிளின் படத்தோடு வைத்துப் பார்த்தால் புள்ளிகள் அச்சாகப் பொருந்தாது. பதற வேண்டாம். அவர் சூரியனின் சொந்த நகர்வைக் கழித்துத் திருத்திய வேகங்களைப் படத்தில் வைத்தார். அட்டவணையில் இருப்பவை திருத்தாத வேகங்கள். எந்த எண்களை வரைந்தோம் என்று படத்திலேயே சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் செய்தால்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் எதுவானாலும் வேலை ஒன்றுதான், பள்ளங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். "லைன் சார்ட்" வேண்டாம், "ஸ்கேட்டர்" வேண்டும். எக்செலின் லைன் சார்ட் தொலைவை எண்ணாகப் பார்ப்பதில்லை, வெறும் பெயராக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சம இடைவெளியில் நிறுத்திவிடும். 0.034-க்கும் 0.214-க்கும் உள்ள தூரமும், 0.275-க்கும் அடுத்த 0.275-க்கும் உள்ள தூரமும் ஒன்றாகிவிடும்.

இணையத்திலிருந்து காப்பி செய்த கழித்தல் குறி சில சமயம் விசைப்பலகையின் கழித்தல் குறியாக இருக்காது. அந்தக் கட்டத்தை மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். வேகப் பத்தியில் அப்படி நடந்தால் எக்செல் அந்தப் புள்ளியைப் பூஜ்யத்தில் வைக்கும். தொலைவுப் பத்தியில் ஒரு கட்டம் எழுத்தாகிவிட்டாலே போதும், மொத்தப் பத்தியையும் விட்டுவிட்டு 1, 2, 3 என்று தானாக எண்ணிக்கொள்ளும். எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். இடப்பக்கம் நின்றால் அது எழுத்து.

எல்லாவற்றிலும் கொடுமையானது, ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது. ஜோடிகள் பிரிந்துவிடும். 24 புள்ளிகளும் இருக்கும், சராசரிகளும் மாறாது, படம் மட்டும் முழுப் பொய். வரிசைப்படுத்துவதென்றால் பெயர்ப் பத்தி உட்பட எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். படம் வந்ததும் குறியின் அளவைக் குறைத்து, மேலே சொன்ன அதே எண்ணிக்கைகளை (24, 5, 4, 4, 3) சரிபாருங்கள்.

கை பழகிவிட்டால் அடுத்து ஒன்று செய்து பாருங்கள். ஹபிளின் தொலைவுகள் மிகவும் குறைவாக இருந்தன என்று பின்னர் தெரிய வந்தது. அவர் 0.275 என்று வைத்த ஆண்ட்ரோமீடா இன்றைய அளவீட்டில் சுமார் 0.78 மெகாபார்செக்; 2.0 என்று வைத்த கன்னிக் கொத்து 16-க்கும் 17-க்கும் இடையில். பெரிய மெகல்லன் மேகம் 0.05. வேகப் பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு புதிய தொலைவுகளோடு இன்னொரு தாளில் வரையுங்கள். 10 செ.மீ. = 1 மெகாபார்செக் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் தாள் வேண்டும். 1 செ.மீ. = 1 மெகாபார்செக் என்றால் கன்னிக் கொத்து தாளுக்குள் வரும், மேகங்களும் ஆண்ட்ரோமீடாவும் முதல் சென்டிமீட்டருக்குள் நெருக்கியடிக்கும். எந்த அளவுத்திட்டம் எடுப்பது என்று பென்சிலைத் தொடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.